நாலாவது நரம்பு

வாங்க தாயி, உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேணாம், அதுல ஒரு கால் ஆடும். இந்த நாற்காலில உக்காருங்க. வேடசந்தூர்லருந்துதானே வர்றீங்க? ரெண்டு பஸ் மாறியிருப்பீங்க. மில்லுல லீவு குடுத்தாங்களா, இல்ல ஷிப்ட மாத்திக்கிட்டு வந்தீங்களா? சரி, எப்படியோ வந்துட்டீங்க. டீ சொல்லியிருக்கேன், வரும்.

கதவச் சாத்திக்கிறேன். மைக் சத்தம் காதப் பொளக்குது, தூசி வேற. தாழ்ப்பாள் போடல, சும்மா சாத்துறதுதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். உங்க புள்ள அங்காளேஸ்வரி நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல. டீம் சட்டையப் போட்டுக்கிட்டு கிரவுண்டுல பெஞ்சுல உக்காந்து ஆட்டம் பாத்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு பைனல் பாருங்க. கேப்டன் பெஞ்சுலகூட இல்லாட்டி மத்த புள்ளைகளுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? ஆட்டம் முடியட்டும், நானே கூட்டியாந்து உங்க முன்னால நிறுத்துறேன். இப்பவே போய்ப் பாக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. இருபத்திரெண்டு வருசமா பொம்பளப் புள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்கிறேன், இந்த ஒரு சட்டத்த நான் யாருக்காகவும் தளத்துனதில்ல. ஆட்ட நேரத்துல வீட்டாளுக கோட்டுப் பக்கம் வரப்படாது. தாயப் பாத்தா புள்ளைக்கு முகம் இளகிரும். முகம் இளகுச்சுன்னா ஆட்டம் போச்சு.

கபடியில முகம்தான் தாயி எல்லாம். ஒருத்தி மூச்சப் பிடிச்சு எதிர்க் கோட்டுக்குள்ள பாடிக்கிட்டுப் போறா, அதத்தான் ரெய்டுங்கிறது. அங்க ஏழு பேரு நிக்கிறாளுக. ஏழு பேரும் இவ காலப் பாப்பாளுகன்னு நினைப்பீங்க. இல்ல. முகத்தப் பாப்பாளுக. கண்ணு எங்கிட்டுப் போகுது, உதடு எப்பக் காயுது, எப்பப் பயப்படுறான்னு பாத்துத்தான் கால வாருவாளுக. அதனால என்கிட்ட வர்ற புள்ளைக்கு முதல் வருசம் பூராம் ஒரே பாடம். வலிச்சாலும் சரி, பயந்தாலும் சரி, மூச்சு முட்டுனாலும் சரி, முகத்துல ஒண்ணும் தெரியப்படாது. எதிர்ல நின்னு வைவேன், கிண்டல் பண்ணுவேன், உப்புப் பரல்ல முழங்கால் போட்டு நிக்கச் சொல்லுவேன். முகம் மாறுனா மறுபடி முதல்லருந்து. உங்க புள்ள இதுல கெட்டிக்காரி. மூணே மாசத்துல தேறிருச்சு. அம்புட்டு வேகமா யாரும் தேறுனதில்ல.

என்ன கேட்டீங்க? நான் ஏன் கிரவுண்டுல இல்லைன்னா? அது ஒரு கூத்து. நேத்து செமிபைனல்ல ரெப்ரிகிட்டக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். இன்னைக்கு நான் கோட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. கஸ்தூரி டீச்சர்தான் டீமப் பாத்துக்கிருது. எனக்கு அதுல ஒண்ணும் நட்டமில்ல. இந்த ரூம்புல உக்காந்துக்கிட்டு சத்தத்த வச்சே ஆட்டத்தச் சொல்லிருவேன். இந்தா, இப்ப ஒரு கூப்பாடு வந்துச்சுல்ல, அது நம்ம புள்ளைக ஒருத்தியப் பிடிச்சிட்டாளுக. ஒரு பாயிண்டு.

அது சரி, நேத்து யாரோ போன் பண்ணி வரச் சொன்னாங்கன்னு வாசல்ல சொன்னீங்களே, யாருன்னு தெரியலையா? பொம்பளக் குரலா. ம். என்ன சொல்லுச்சு? "இன்னைக்கே வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிருங்க"ன்னா. அம்புட்டுத்தானா? பேரச் சொல்லல. யாரா இருக்கும்? எதிர் டீம்காரிக வேலையாத்தான் இருக்கும். பைனல் அன்னைக்கு நம்ம மனசக் கலைக்கணும்ல.

கையில என்ன காகிதம்? ஆஸ்பத்திரிச் சீட்டா. குடுங்க பாப்போம். ஒன்பது மாசத்துக்கு விளையாடக் கூடாதுன்னு போட்டிருக்காரா. போடுவாரு. எல்லாருக்கும் அதத்தான் போடுவாரு. ஆடி கடைசில ஆபரேசன் ஆச்சு, இப்பத் தை பொறந்துருச்சு. அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சா. இந்தச் சீட்டுப்படி பாத்தா வைகாசி வரைக்கும் புள்ள மூலைல உக்காரணும். நீங்க பயந்து வந்ததுல தப்பில்ல தாயி. தாயில்லையா. ஆனா நான் சொல்றதையும் கேளுங்க. இந்த முழங்கால் ஜவ்வு விசயத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல என்னய விட அனுபவப்பட்ட கோச்சு கிடையாது. உங்க புள்ள எனக்கு நாலாவது கேசு.

முட்டிக்குள்ள குறுக்க ஒரு ஜவ்வு இருக்கு. ஓடிட்டுப் போறவ சட்டுன்னு திரும்புறப்ப மேக்காலும் கீழ்க்காலும் ஆளுக்கொரு பக்கம் போயிராமப் பிடிச்சு நிறுத்துறது அதுதான். கபடின்னாலே திரும்புறதுதான. அது கிழிஞ்சா தானா ஒட்டாது, தைச்சாலும் நிக்காது. வேற ஒரு எடத்துலருந்து நரம்ப உருவி அங்க வச்சுக் கட்டணும். நாம நரம்புங்கிறோம், டாக்டர் தசைநாண்னு சொல்லுவாரு. தசைய எலும்போட சேத்துக் கட்டியிருக்கிற கயிறுன்னு வச்சுக்கங்க. எங்கிருந்து உருவுறதுங்கிறதுதான் கேள்வியே. பின்தொடையில எடுக்கலாம். முட்டிச் சில்லுக்குக் கீழ எடுக்கலாம். சில்லுக்கு மேல முன்தொடையில எடுக்கலாம். செத்துப் போனவங்க குடுத்ததுலருந்தும் எடுக்கலாம். எங்க எடுத்தாலும் எடுத்த எடம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எதக் குறைச்சா ஆட்டத்துக்கு நட்டமில்லைன்னு யாருக்குத் தெரியும்? டாக்டருக்கா தெரியும்? எனக்குத்தான் தெரியும்.

முத ஆளு நாகஜோதி. ஆறு வருசமாச்சு. அதுக்கு அப்ப வயசு இருபது. பின்னங்கால் உதைதான் அதோட ஆயுதம். முகம் அங்கிட்டு இருக்கும், கால் இங்கிட்டு வந்து நெஞ்சுல தொடும். அதுக்குப் பின்தொடை நரம்ப எடுத்து நாலா மடிச்சு முட்டிக்குள்ள வச்சாரு டாக்டர். தழும்பு சின்னது, நடக்க சிரமமில்ல, பொதுவா எல்லாருக்கும் இதான் வைக்கிறதுன்னாரு. நானும் சரின்னுட்டேன். அனுபவமில்ல பாருங்க. அஞ்சாவது மாசம் புள்ள ஓடுச்சு, குதிச்சுச்சு. ஊர்த் திருவிழா மேட்ச்சு வந்துச்சு, எறக்குனேன். மூணாவது ரெய்டுல அதே பின்னங்கால் உதைய விட்டுச்சு. கூட்டம் கத்திக்கிட்டு இருந்துச்சு, சட்டுன்னு அடங்கிருச்சு. பாத்தா முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குது. முகத்துல மட்டும் ஒண்ணுமில்ல. சும்மா வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. என் புள்ளைடான்னு நினைச்சேன்.

அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு. தப்பு நரம்புல. உதைக்கிற தசையோட கயிறையே உருவிட்டா உதை எங்கிருந்து வரும்? கபடிப் புள்ளைக்குப் பின்தொடையில கை வைக்கவே கூடாது. நான் டாக்டர்கிட்டச் சொன்னேன். அவரு என்னமோ, வச்ச நரம்பு எலும்போட பிடிச்சு இறுகவே மாசக்கணக்காகும், வெளிய நல்லாத் தெரியும், உள்ள ஆறியிருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் காதுல போட்டுக்கல.

ரெண்டாவது ஜெபராணி. அது ரெய்டர் இல்ல, ஓரத்துல நின்னு பாய்ஞ்சு கணுக்காலப் பிடிக்கிற புள்ள. அதுக்கு நானே கேட்டேன், சில்லுக்குக் கீழ இருக்கிற நரம்ப எடுங்கன்னு. அதுல ரெண்டு முனையிலயும் ஒரு துண்டு எலும்பையும் சேத்து வெட்டி எடுப்பாங்க. எலும்போட எலும்பு ஒட்டுறதால சீக்கிரம் இறுகும், கெட்டின்னாங்க. கேக்கவே நல்லா இருந்துச்சுல்ல? ஆனா சில்லுல வெட்டுன எடம் இருக்கே, அது ஆற நாளாகும்னு டாக்டர் சொன்னாரு. "கோச் சார், இந்தப் புள்ள முட்டி போட்டு விழுற புள்ள, இதுக்கு ஒன்பது மாசமாவது விடுங்க"ன்னாரு. மார்கழி கடைசில ஒரு போட்டி. அஞ்சரை மாசம். பாய்ஞ்சுச்சு, பிடிச்சுச்சு, முட்டி தரையில பட்டுச்சு. சில்லு விரிசல் விட்டுருச்சு. அன்னைக்கும் அப்படித்தான், கூட்டம் சட்டுன்னு அடங்குச்சு.

இப்ப ஜெபராணி கல்யாணமாகி சாணார்பட்டிப் பக்கம் இருக்கு. கோயில்ல முழங்கால் போட முடியல, நாற்காலில உக்காந்துதான் ஜெபம் பண்ணுதுன்னு அவங்கம்மா வந்து என்கிட்ட அழுதாங்க. நாற்காலில உக்காந்தா சாமி வேணாம்னா சொல்லப்போறாரு? நான் அதத்தான் சொன்னேன். அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.

டீ வந்துருச்சு. வா நாகு. அம்மாவுக்கு முதல்ல குடு. இதுதான் தாயி நான் சொன்ன நாகஜோதி. இப்ப ஹாஸ்டல்ல சமையலும் அதுதான், புள்ளைகளப் பாத்துக்கிறதும் அதுதான். நான் கைவிடல பாருங்க. நடையில கொஞ்சம் சாயும், அம்புட்டுத்தான். என்ன நாகு, அம்மாவையே பாத்துக்கிட்டு நிக்கிற? ஏதாவது சொல்லணுமா?

"டீ ஆறிரும்க்கா. சீக்கிரம் குடிச்சிட்டு எந்திரிங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது பாருங்க. விருந்தாளிகிட்டப் பேசுற பேச்சா இது. அது எப்பவும் அப்படித்தான், வாயத் தொறந்தா ரெண்டு வார்த்தை. குடிங்க, குடிங்க. அவசரமில்ல.

மைக்குல என்ன சொல்றான்? முதல் பாதி முடிஞ்சிருச்சாம். நாலு பாயிண்டு பின்னால இருக்கோம். பரவால்ல. ரெண்டாம் பாதிலதான் என் புள்ளைக ஆடுவாளுக. இன்னைக்கு யாரு வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா? வேலைக்கு ஆள் எடுக்கிற டீமுக்காரங்க மூணு பேரு. அரசாங்க உத்தியோகம் தாயி. இந்த கிரவுண்டுக்கு அவங்க வர்றது ஒன்பது வருசத்துல இதுதான் முதல் தடவ. அடுத்து எப்ப வருவாங்கன்னு யாரு கண்டா.

எனக்கும் ஒரு தடவ வந்தாங்க. எனக்கு அப்ப இருபத்திநாலு வயசு. பழனி ரோட்டுல ஒரு கிரவுண்டு. அதுக்கு மூணு வாரம் முன்னாடி எனக்கு இந்த வலது முட்டி டப்புன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அந்தக் காலத்துல நரம்பு வைக்கிறதெல்லாம் எவனுக்குத் தெரியும். எங்க கேப்டன் சொன்னான், "டேய் வீரணா, நீ இந்த மேட்ச்சு உக்காரு, ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்"ன்னான். நானும் மடையன் மாதிரி உக்காந்தேன். எனக்குப் பதிலா எறங்குனவன எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் வேலை பாத்து, ரிட்டயரும் ஆயிட்டான். நான் இந்த ரூம்புல உக்காந்திருக்கேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒருத்தனும் வரல தாயி. உக்காந்தவனத் தேடி யாரும் வர்றதில்ல. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல. என் புள்ளைக ஒருத்தியும் அப்படி உக்காரக் கூடாதுன்னுதான் நான் இம்புட்டும் பண்றேன்.

மூணாவது பேச்சி. பேச்சியம்மா. அதுக்கு நான் வேற யோசனை பண்ணேன். நாகுவுக்கு பின்தொடையில வெட்டுனது கெடுத்துச்சு. ஜெபராணிக்கு சில்லுல வெட்டுனது கெடுத்துச்சு. எங்கயுமே வெட்டாட்டி? செத்தவங்க தானமாக் குடுத்த நரம்பு மதுரையில கிடைச்சுச்சு. டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "சின்ன வயசு, ஆடுற புள்ள, இதுக்கு அது லாயக்கில்ல. சொந்த நரம்பவிட உயிர் பிடிக்க இன்னும் நாளாகும், அறுகிற வாய்ப்பும் ஜாஸ்தி"ன்னாரு. நான் விடல. வெட்டின ரணமே இல்லைன்னா சீக்கிரந்தான ஆறணும்? கணக்கு சரிதான? பேச்சி நாலே மாசத்துல மான் மாதிரி ஓடுச்சு. ஒரு நாள் என்கிட்ட வந்து, "சார், அது என் கால் மாதிரி இல்ல, ஒரு நொடி தாமசமா வருது"ன்னு சொல்லுச்சு. பயத்துல சொல்லுதுன்னு விட்டுட்டேன். ஆட்டத்துல ஒருத்தியும் அதத் தொடக்கூட இல்ல. சும்மா திரும்புச்சு. அவ்வளவுதான்.

இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில, உக்காந்து பாக்குற வேலை.

பேச்சிய ஸ்ட்ரெச்சர்ல ஏத்துன அன்னைக்கு டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டாரு. "வீரணன் சார், ஒவ்வொரு தடவையும் நரம்ப மாத்தி மாத்திப் பாக்கிறீங்க. ஒரு தடவ தேதிய மாத்திப் பாருங்களேன்"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. போட்டித் தேதிய நானா வைக்கிறேன்? மாவட்டத்துல வைக்கிறாங்க, மாநிலத்துல வைக்கிறாங்க. படிச்சவரு, ஆனா ஆட்டம் தெரியாது. புதுசா வச்ச நரம்பு முதல்ல செத்த மாதிரிக் கெடந்து, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா உயிர் பிடிக்கும்னு ஒரு படம் போட்டுக் காமிச்சாரு. எனக்கா தெரியாது? கபடியில அவுட்டானவ வெளிய உக்காந்திருப்பா, நாம பாயிண்டு எடுத்தா அவ உயிரோட உள்ள வந்துருவா. உக்காந்தே இருந்தா உயிர் வராது தாயி. ஆட்டம் நடந்தாத்தான் உயிர் வரும்.

அப்புறம்தான் உங்க புள்ள. உங்ககிட்டக் கையெழுத்து வாங்குனப்ப, எங்கிருந்து நரம்பு எடுப்பாங்கன்னு கேட்டீங்க. நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? பாத்துக்கிட்டேன். முன்தொடையில, சில்லுக்கு மேல. நல்ல தடிமனான நரம்பு அது. உதைக்கிறதுக்கும் கெடுதியில்ல, முட்டி போடவும் அம்புட்டா வலிக்காது. டாக்டரே, "இந்தத் தடவ நீங்க சொல்றது தப்பான தேர்வு இல்ல"ன்னாரு. அவரு வாயாலேயே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் மாசக் கணக்கச் சொன்னாரு, அத விடுங்க. மூணு நாள் நான் ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். நீங்க ஷிப்ட்டுக்குப் போயிருந்தப்ப அது கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான். பெத்தாத்தான் புள்ளையா?

ஒரு வேடிக்கை கேளுங்க. ஆபரேசனுக்கு முன்னாடி, உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மான்னு டாக்டர் கேட்டாரு. ரெய்டப் பத்திக் கேக்கும்னு பாத்தேன். "எந்த நரம்ப எடுத்தா சார் நான் மறுபடி சைக்கிள் மிதிக்கலாம்? அம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப நான்தான் பின்னால வச்சுக் கூட்டிட்டு வருவேன்"னுச்சு. ஒரு கேப்டன் கேக்கிற கேள்வியா அது? நான் சத்தமாச் சிரிச்சிட்டேன்.

அழாதீங்க தாயி. எதுக்கு அழுறீங்க. சிரிக்கத்தான சொன்னேன்.

இந்தா, ரெண்டாம் பாதி ஆரம்பிச்சிருச்சு. சத்தத்தக் கேளுங்க. நம்ம ரெய்டு. ஏழாம் நம்பர்ங்கிறான். ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்துட்டாளாம். பாத்தீங்களா, கூட்டம் என்னமாக் கத்துது.

ஏழாம் நம்பரா? அது வேற புள்ள. உங்க புள்ள சட்டை நம்பரு... என்ன, ஏழுதானா? பொங்கலுக்கு வந்தப்ப நீங்களே துவைச்சுப் போட்டீங்களா.

சரி தாயி. ஒளிச்சு என்ன ஆகப் போகுது. உக்காருங்க, சொல்றேன். உக்காந்தாத்தான் சொல்லுவேன்.

கண்ண மூடிக்கிட்டு நான் எறக்கல. என்கிட்ட ஒரு பரீட்சை இருக்கு. டாக்டர் மிசின்ல வச்சுப் பாப்பாரு, நான் முகத்த வச்சுப் பாப்பேன். கொடிக்கம்பத்துலருந்து தண்ணித் தொட்டி வரைக்கும், ஆபரேசன் பண்ண காலால மட்டும் நொண்டி அடிச்சு வரணும். நாப்பது நொண்டி. நான் காலப் பாக்கவே மாட்டேன். காலப் பாத்து என்னத்தத் தெரியும்? எதிர்ல நின்னுக்கிட்டு முகத்தப் பாப்பேன். வலி இருந்தா எங்கேயாவது ஒரு சுருக்கம் விழும்ல. கண்ணோரத்துல, உதட்டோரத்துல. மத்த மூணு பேரும் இதுல பாஸ் பண்ணித்தான் எறங்குனாளுக. அதனாலதான் சொல்றேன், அவளுக கால் ஆறித்தான் இருந்துச்சு, நரம்புதான் சரியில்ல.

உங்க புள்ள இருக்கே, அது அவளுகளத் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. போன வாரம் ஹாஸ்டல் வராந்தாவுல போறேன். ஒருத்தி முகம் பாக்குற கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே நடந்து போறா, உங்க புள்ள அதப் பாத்துக்கிட்டே ஒத்தக் கால்ல நொண்டி அடிச்சு வருது. என்னாத்தா பண்றீங்கன்னேன். ரெண்டும் வெறச்சு நின்னுருச்சுக. அப்புறம் அங்காளேஸ்வரிதான், "முகப் பயிற்சி சார்"னுச்சு. நெத்தியில வேர்வை அப்படிக் கொட்டுது, முகத்துல ஒரு அசைவு இல்ல. எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா? சொல்லிக் குடுத்தவனுக்குத்தான் தாயி அந்தச் சந்தோசம் தெரியும்.

இன்னைக்குக் காலையில பரீட்சை வச்சேன். நாப்பது சொன்னேன், நாப்பத்தெட்டு அடிச்சுச்சு. முடிச்சிட்டு என்னய நேராப் பாத்து, "எறங்கட்டுமா சார்"னு அதுவாத்தான் கேட்டுச்சு. நான் கட்டாயப்படுத்தல. வேலைக்கு எடுக்கிறவங்க வந்திருக்காங்கன்னு மட்டும் சொன்னேன். அம்மா இனிமே ஷிப்ட்டுக்குப் போக வேண்டியதில்லைன்னு சொன்னேன். இது தப்பா? ஒரு சுருக்கம் விழுந்திருந்தாலும் நான் விட்டிருக்கவே மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்.

கேளுங்க, மறுபடி ஏழாம் நம்பர். சமமாயிருச்சு. அந்த மூணு பேரும் இப்ப நிமிந்து உக்காந்திருப்பாங்க. எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் ஆறு நிமிசந்தான். ஆறே நிமிசம். இப்ப நீங்க போய் நின்னீங்கன்னா அது உங்களப் பாக்கும், ஒரு நொடி முகம் மாறும், எதிர்க்காரி ஒருத்தி அதக் கண்டுபிடிச்சிருவா, கால வாரிருவா. புள்ளைக்கு நீங்களே கெடுதல் பண்ணணுமா? சன்னல்கிட்ட வேணும்னா நில்லுங்க. ஆளுக மறைக்கும், ஒண்ணும் தெரியாது. என்னய மாதிரி சத்தத்தக் கேளுங்க.

இப்ப உள்ள போயிருக்கு. மைக்குக்காரன் எண்ணுறான். எதிர்ல ஆறு பேரு நிக்கிறாளுக. இந்தக் கூப்பாடு போனஸ் கோட்டத் தாண்டி மிதிச்சதுக்கு. இந்தா, ஒருத்தியத் தொட்டுருச்சு. இனித் திரும்பணும். திரும்பி ஒரு எட்டு வச்சா கோடு.

...

மைக்கு நின்னுருச்சா? கரண்டு போயிருக்கும். இங்க அடிக்கடி போகும்.

கூட்டமும் கத்தல. சில நேரம் அப்படித்தான், ரெப்ரி என்ன சொல்றான்னு பாக்கிறதுக்குக் கம்முன்னு இருப்பாங்க. எதிர் டீம் புள்ளைக்கு எதுவும் அடி பட்டிருக்கும். விசில் ஊதுறான். நீட்டமா ஊதுறான். நீங்க உக்காருங்க தாயி.

அங்க ஓடி வர்றது யாரு? நாகுவா அது? அது ஓடி நான் ஆறு வருசமாப் பாத்ததில்லையே. ஏய் நாகு, மெதுவா. முட்டி என்னத்துக்கு ஆகும். இங்கிட்டு ஏன் ஓடி வருது? கதவத் தொறக்காத நாகு, தூசி. என்னய விட்டுட்டு அம்மா கையப் பிடிச்சு இழுக்குது பாருங்க. "நான்தான்க்கா போன் பண்ணேன், நேத்தே வந்திருக்கக் கூடாதா"ங்குது. நீயா? நீயா நாகு பண்ண? உன்னய நான் கைவிட்டேனா?

போகாதீங்க தாயி. இங்கதான் தூக்கிட்டு வர்றாளுக. வராந்தாவுல விலகி நில்லுங்க, காத்து வரட்டும். ஆமா, ஏழாம் நம்பர்தான். பதறாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க, இன்னும் ஒரு நரம்பு இருக்கு. கணுக்கால்கிட்ட வெளிப்பக்கமா ஒண்ணு இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அத இன்னும் நான் யாருக்கும் வச்சுப் பாக்கல. அத எடுத்தாலும் நடக்கலாமாம், எல்லாம் பண்ணலாமாம். சைக்கிள்கூட மிதிக்கலாம். முன்தொடையில எடுத்ததுதான் தப்பாப் போச்சு, இப்ப வெளங்குது.

பாருங்க, முகத்தப் பாருங்க. நாலு பேரு தூக்கிட்டு வர்றாளுக, முட்டி அப்படித் தொங்குது, ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க. வானத்தப் பாத்துக்கிட்டு வருது. வலியே இல்ல தாயி அதுக்கு. வலி இருந்தா எனக்குத் தெரியாதா?

முன்னால போகாதீங்கன்னு சொன்னேன்ல. விடு நாகு, அவங்கள இழுக்காத. தாயி, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. கூப்பிடாதீங்கன்னா.

திரும்பிருச்சு. பாத்துருச்சு உங்கள. போச்சு, முகம் மாறிருச்சு பாருங்க. சின்னப்புள்ள மாதிரி வாயக் கோணிக்கிட்டு அழுகுது. அஞ்சு மாசமா ஒரு சொட்டு விடாத புள்ள. அதுக்குத்தான் தாயி நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், உள்ளயே இருங்கன்னு.